கதவை மூடச் சொன்ன இறைவாக்கினர்



2023ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு செய்தி பலரையும் மகிழ வைத்தது. பரப்பனங்காடி நகராட்சியில் வீடு வீடாகச் சென்று மக்காத குப்பைகளைச் சேகரிக்கும் 11 பெண்கள் சேர்ந்து வாங்கிய ஒரே லாட்டரிச் சீட்டுக்கு 10 கோடி ரூபாய் பரிசு விழுந்தது. சீட்டின் விலை 250 ரூபாய். தனியாக வாங்க அவர்களுக்கு வசதியில்லை. 9 பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட, மீதி 25 ரூபாயை இருவர் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். கணவரை இழந்து பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தாயும் அவர்களில் உண்டு. பாதியில் நின்ற வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும் என்பவைதான் அவர்கள் சொன்ன ஆசைகள். வேலையை விடப்போவதில்லை என்றும் சொன்னார்கள்.

லாட்டரியைப் புகழ இதை எழுதவில்லை. லாட்டரியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டு அதைத் தடை செய்தது. தனக்கும் பிறருக்கும் அன்றாடம் தேவையானதைப் பறிக்கும்போது சூதாட்டம் ஒழுக்கக்கேடாகிறது என்று நம் திருச்சபையின் மறைக்கல்வியும் கற்பிக்கிறது. என் கேள்வி வேறு. எதிர்பாராத பணம் ஒரு ஏழையின் வீட்டுக்குள் வரும்போது, அதன் பின்னாலேயே யார் யார் வருகிறார்கள்?

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓணம் பம்பர் குலுக்கலில் 25 கோடி ரூபாய் வென்ற திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். சில நாள்களிலேயே, இந்தப் பரிசு கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருந்திப் பேசினார். பணம் கைக்கு வருமுன்பே உதவி கேட்டு வந்தவர்களின் கூட்டத்தால் சொந்த வீட்டில் இருக்க முடியாமல் தவித்தார். கணவனும் மனைவியுமாக இருந்த வீட்டிற்கே இந்த நிலை என்றால், துணைக்கு ஆளில்லாத ஒரு தாயின் நிலை என்ன?

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில் நடந்தது. கொத்தனார் ஒருவர் லாரி மோதி இறந்துபோனார். அவருடைய மனைவிக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. இரண்டு பிள்ளைகள். சித்தாள் வேலைக்குப் போனார். மழைக்காலத்தில் வாரத் தண்டல்காரரிடம் கடன் வாங்கினார். ஐந்தாண்டுகள் நீதிமன்றத்திற்கு அலைந்தபின் இழப்பீடு வந்தது. பிள்ளைகளின் பங்கை வங்கியில் போடச் சொல்லிவிட்டார்கள். அவர் கைக்கு வந்தது ஒன்றரை லட்சம்.

ஐந்தாண்டுகளாக எட்டிப்பார்க்காத கணவரின் அண்ணன் தம்பிகள் பழக்கூடையோடு வந்தார்கள். சீட்டு நடத்துபவர் வந்தார். நிலத்தரகர் வந்தார். கடைசியாக நாங்களும் போனோம். ஆம், நானும் கோவில் கட்டடக் குழுவினரும். கோபுர வேலை பாதியில் நின்றது. “ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்திருக்கிறாரே அம்மா” என்று நான்தான் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் பத்தாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தார். ரசீது எழுதிக் கொடுத்தோம். ஞாயிறு திருப்பலியில் பெயரையும் வாசித்தோம்.

மூன்று மாதம் கழித்து அவர் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். “சாமி, பெரியவனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் குறைக்கச் சொல்லி ஒரு கடிதம் தருவீங்களா?” என்றார். அப்போதுதான் விசாரித்தேன். மைத்துனர்கள் கைமாற்றாக வாங்கியது திரும்பவில்லை. தண்டல்காரரின் அசல் அப்படியே நின்றது. எங்களுக்குக் கொடுத்த பத்தாயிரத்தைக் கடனுக்குக் கட்டியிருந்தால் பாதிச் சுமை இறங்கியிருக்கும். குழுவினரோடு வாதாடி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஓராண்டு ஆனது. வட்டி ஓராண்டு காத்திருக்கவில்லை.

அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தை அதன்பின்தான் நான் உண்மையாக வாசித்தேன். கணவரை இழந்த ஒரு பெண். கடன்காரன் அவருடைய இரு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். இறைவாக்கினர் எலிசா முதலில் அவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெய் மட்டும். அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறார். பின்பு பிள்ளைகளோடு உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு ஊற்றச் சொல்கிறார். பாத்திரங்கள் நிறைந்தபின், எண்ணெயை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்கிறார். இறைவாக்கினர் தமக்கென்று ஒரு துளியும் கேட்கவில்லை. பாத்திரம் கொடுத்த அயலாரும் பங்கு கேட்டதாக விவிலியத்தில் இல்லை.

கதவை மூடுவது ஏன்? அந்தத் தாய் யாருடைய முகத்தையும் பார்க்காமல் தன் பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் இதை அறிந்திருக்கிறது. விபத்து இழப்பீட்டில் சிறுவர்களின் பங்கை அவர்கள் வளரும்வரை வங்கியில் வைக்க வேண்டும், எழுத்தறிவற்றோரின் பணத்தையும் பிறர் சுரண்டாமல் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990களிலேயே நெறிமுறை வகுத்தது. கேரள லாட்டரித் துறையும் பரிசு பெற்றவர்களுக்குப் பணத்தைக் கையாளும் பயிற்சி வகுப்பை 2023ஆம் ஆண்டு தொடங்கியது.

அப்படியானால் பங்கு மக்களாகிய நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, வாயைக் காப்போம். இன்னாருக்கு இவ்வளவு வந்தது என்பது அன்பியக் கூட்டத்தில் பேசும் பொருளல்ல. பீடத்திலிருந்து வாசிக்கும் அறிவிப்பும் அல்ல.

இரண்டாவது, கேட்டால் மட்டும் வழிகாட்டுவோம். முதலில் வட்டி அதிகமுள்ள கடன், அடுத்து அடகிலுள்ள நகை. மீதியை அந்தத் தாயின் பெயரிலேயே வங்கியிலோ அஞ்சலகத்திலோ போடட்டும். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டம் உண்டு. அதிக வட்டி என்று ஆசைகாட்டுவோரிடம் எச்சரிக்கை வேண்டும். 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஆருத்ரா வழக்கில், மாதம் 25, 30 விழுக்காடு வட்டி என்ற பேச்சை நம்பி ஏறத்தாழ 1 லட்சம் பேர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு ஏமாந்தார்கள்.

மூன்றாவது, தீர்ப்பிட வேண்டாம். அந்தத் தாய் மகளுக்கு ஒரு பட்டுப்பாவாடை வாங்கிவிட்டால், “காசு வந்ததும் ஆட்டத்தைப் பார்” என்கிறோம். பெத்தானியாவில் விலையுயர்ந்த தைலம் ஊற்றப்பட்டபோது, ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவர் யூதாசு. ஐந்தாண்டுகள் பழைய துணியையே உடுத்திய பிள்ளைக்கு ஒரு புதுத்துணி ஊதாரித்தனமாகிவிடுமா?

கோவிலுக்குக் கொடுக்கவே கூடாதா என்று சிலர் கேட்கலாம். இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை இயேசு பாராட்டினார். ஆனால், அதற்குச் சற்று முன்புதான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரைக் கண்டித்தார். அந்தக் கைம்பெண் தானாகக் கொடுத்தார். யாரும் அவருடைய வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை.

அந்தக் கோபுரம் இன்று உயர்ந்து நிற்கிறது. அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் தெருவிலும் இப்படியொரு தாய் இருப்பார். அவருக்குப் பணம் வந்தபின் போகும் பழக்கூடை, பணம் வருமுன்னே போகட்டும். எலிசாவின் காலத்து அயலாரைப் போல, நிரப்பிக்கொள்ள ஒரு பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, அவர் கதவை மூடிக்கொள்ளும்வரை வெளியே நிற்கும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக.