சுழியோடியின் மூட்டை

ஆடி, ஆவணி மாதங்களில் எம் பழைய மாணவர் பலர் இலண்டனிலிருந்தும் தொறொன்றோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் தாயகம் வந்து செல்வது இக்காலத்து வழக்கமாயிற்று. முன்னெல்லாம் நல்லூர்த் தேரும் உற்றார் வீட்டுக் கலியாணமுமே அவர் வருகைக்குக் காரணங்களாக இருந்தன. இப்பொழுதோ அவருட் சிலரும் அவர்தம் மக்களுட் பலரும் தேர் பார்த்த கையோடு திருகோணமலைக்குச் சென்று, ஸ்கூபாக் கருவி அணிந்து, கடலினுட் சுழியோடி வருகின்றனர். கிழக்குக் கடல் ஏறத்தாழச் சித்திரை முதற் புரட்டாதி வரை அமைதியுந் தெளிவும் உடையதாக இருத்தலின், விடுமுறைக் காலமும் கடலின் காலமும் ஒத்து வருகின்றன. புறப்படுமுன் அவர்கள் எம்மிடம் தவறாது வினவும் வினா ஒன்று உண்டு: "கருவிகளை இங்கிருந்தே கட்டிக்கொண்டு வருவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?"

யூபிலி மலரொன்றில் ஆராயத்தக்க பொருளோ இது என்று சிலர் நகைத்தல் கூடும். தரையிற் செல்லும் பிரயாணி குடையை மறந்து போனால் நனைவான், அவ்வளவே. கடலுள் இறங்குபவனுடைய மூட்டையிலுள்ள பொருள்களோ அவனுடைய மூச்சோடும் பார்வையோடும் தொடர்புடையன. ஆதலின் இவ்வினாவுக்கு விடை கூறுதல் வீண் வேலையன்று.

சுழியோடுதல் எம்மவர்க்குப் புதிய தொழிலன்று. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர், ஒரு பாரக்கல்லின் துணையால் ஆழஞ் சென்று, ஒரே மூச்சிற் சிப்பிகளைச் சேர்த்து, கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்கப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழிலை நேரிற் கண்டெழுதிய ஆங்கிலேயர், ஒரு தோணியிற் பத்துக் குளியாளரும் ஐந்து கற்களும் இருந்தமையைக் குறித்துள்ளனர். ஒரு கல்லை இருவர் மாறி மாறிப் பயன்படுத்தினர் என்பது இதன் கருத்து. கல் பொதுவாயிருந்தது, மூச்சு அவனவனுடையதாயிருந்தது. எது பொதுவாகலாம், எது பொதுவாகலாகாது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். எமது வினாவுக்கும் விடை அங்கேயே இருக்கின்றது.

1943ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தவரான ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் மூச்சிழுக்குந்தோறும் வேண்டிய அளவு காற்றைத் தரும் கருவியை அமைத்தனர். இத்தகைய கருவிகளின் துணையினாலேயே 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் கோணமலையின் அடிவாரக் கடலிற் சுழியோடிப் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். அன்று அக்கருவி இங்கே அரும்பொருள். இன்றோ திருகோணமலை, நிலாவெளி, மட்டக்களப்பு, இக்கடுவை முதலிய இடங்களில் அது வாடகைக்குக் கிடைக்கின்றது. கிடைத்தற்கருமை நீங்கியது, தெரிதலின் அருமை தொடங்கிற்று.

இவ்விடயத்தில் இரு கட்சியார் உளர். இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிதலாகாது என்பர் ஒரு சாரார். இவர்கள் சிலிண்டரும் ஈயக்கட்டியும் நீங்கலாகப் பத்து முதற் பதினைந்து கிலோ வரை நிறையுள்ள மூட்டையைக் கட்டி, விமானத்தில் மிகைப்பாரத்துக்குப் பணங் கட்டி, கட்டுநாயக்காவிலிருந்து சுமார் 250 கிலோமீற்றர் தூரம் வாகனத்தில் இழுத்துச் செல்வர். எல்லாம் அங்கேயே கிடைக்கும், வெறுங்கையோடு போவோம் என்பர் மறு சாரார். இரு சாராரும் பணத்தையும் பாரத்தையுமே நிறுத்துப் பார்க்கின்றனர். நாம் வேறொரு தராசை எடுத்துக் கொள்ளும்படி சொல்லுகின்றோம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இது என் உடலுக்கென்றே அமைய வேண்டியதா? இதிலுள்ள குற்றத்தைக் கரையிலேயே நான் கண்டுகொள்ள இயலுமா?" என்று கேட்டல் வேண்டும். முதல் வினாவுக்கு ஆம் என்பது விடையாயிற் கொண்டு செல்க. இரண்டாவதற்கு ஆம் என்பது விடையாயின் வாடகைக்குக் கொள்க.

முகமூடியை முதலில் நோக்குவோம். ஒருவர் முகம்போல மற்றொருவர் முகம் இராது. வாரை மாட்டாமல் முகமூடியை முகத்திற் பொருத்தி, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுக்க, அது விழாது ஒட்டிக்கொண்டிருந்தால் அது அம்முகத்துக்கு ஏற்றது. மூக்குக்கண்ணாடி அணிவோருக்குப் பார்வைக்கேற்ற வில்லை பொருத்திய முகமூடி வேண்டும். அது வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பியிருத்தலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் நால்வர் புறாத்தீவின் அருகே இறங்கினோம். எம்முள் ஒருவர் பெரிய புகைப்படக் கருவியைக் கடல் கடந்து சுமந்து வந்தவர். அரைக் கிலோவும் நிறையில்லாத முகமூடியை மட்டும் கரையில் எடுத்துக்கொண்டார். அவர் மீசைக்கும் அம்முகமூடிக்கும் ஒவ்வவில்லை. நாம் மூவரும் பவளப்பாறையையும் மீன் கூட்டத்தையும் கண்டு மகிழ, அவர் முகமூடிக்குட் புகுந்த நீரை வெளியேற்றுவதிலேயே அப்பொழுதைக் கழித்தார். மேலே வந்தபின் படமும் இல்லை, பார்த்ததும் இல்லை.

அடுத்தது ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் கையிற் காட்டும் டைவ் கொம்பியூட்டர். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் கடல்நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தை மேலதிகமாகத் தருகின்றது என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் அறிவர். அவ்வழுத்தத்தால் உடலிற் கரையும் நைதரசன், மேலே வந்தவுடன் முற்றாக நீங்கிவிடுவதில்லை. முதற் சுழியோட்டத்தின் மிச்சத்தைக் கணக்கிற் கொண்டே அக்கருவி அடுத்த சுழியோட்டத்துக்கு எல்லை வகுக்கின்றது. காலையில் ஒருவர் கட்டியதை மாலையில் இன்னொருவர் கட்டினால், ஒருவருடைய உடற்கணக்கை மற்றொருவர் நம்பியவராவார். அன்றியும், நீருக்கடியில் அதன் எண்களுக்குப் பொருள் தேடிக்கொண்டிருத்தல் ஆபத்தாகும். ஆகவே முகமூடியும் கொம்பியூட்டரும் கட்டாயமாகக் கொண்டு செல்லத்தக்கன. இரண்டுஞ் சேர்ந்தாலும் ஒரு கைப்பையின் மூலையில் அடங்கும்.

கால் துடுப்பும் நீருடையும் இடைப்பட்டவை. எமது கடல்நீர் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை செல்சியசு வரை வெப்பமுடையது. ஆகவே மெல்லிய உடையே போதும். பெட்டியில் இடமிருப்பின் எடுத்து வருக; இல்லையேல் அளவு பார்த்து வாடகைக்குக் கொள்க. பொருந்தாவிடிற் காலிற் கொப்புளம் வரும், உயிருக்குக் கேடில்லை.

சிலிண்டரையும் ஈயக்கட்டிகளையும் பற்றி விவாதமே வேண்டியதில்லை. வழக்கமாகக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டர் வெறுமையாகவே ஏறத்தாழ 14 கிலோ நிறையுடையது. காற்றடைத்த சிலிண்டரைப் பிரயாணியின் பொதியில் விமானத்தில் ஏற்ற விடார். முத்துக் குளிப்போரின் கல்லைப் போன்ற பொதுப்பொருள் இதுவே. சிலிண்டரின் தோளிற் பொறிக்கப்பட்ட சோதனைத் திகதியைப் பார்த்தல் மட்டும் எம் கடன்.

மெய்யான வழக்கு, காற்றைத் தரும் ரெகுலேற்றரையும் மிதப்புச் சட்டையையும் பற்றியதே. மூச்சுக்குரியது ஆதலின் ரெகுலேற்றர் சொந்தமாயிருத்தலே நன்று எனத் தோன்றும். ஆயின் எம்மவரிற் பலர் ஆண்டுக்கு ஒரு கிழமையே கடலில் இறங்குவோர். எஞ்சிய காலமெல்லாம் அக்கருவி அலுமாரியிற் கிடக்கின்றது. கழுவாத உப்பு உள்ளே படிந்து இறுகுகின்றது. இறப்பர் உறுப்புகள் தளர்கின்றன. தன்னுடையது என்ற பற்றுதல் அதன் பழுதை மறைத்துவிடுகின்றது. நாள்தோறும் உழைத்து முறைப்படி பழுது பார்க்கப்படும் வாடகைக் கருவி, உறங்கிக் கிடந்த சொந்தக் கருவியினும் மேலானது என்பது எம் துணிபு. கடந்த ஓராண்டுக்குள் வல்லுநரிடம் கொடுத்துப் பழுது பார்த்திருந்து, பல நாட் சுழியோடவும் எண்ணியிருந்தால் அதனைக் கொண்டு செல்க. இல்லையேல் விட்டுச் செல்க. கொண்டு செல்வோர், யோக் எனப்படும் கவ்வி வகையா, டின் எனப்படும் திருகு வகையா அங்குள்ள சிலிண்டருக்குப் பொருந்தும் என்று முன்னரே எழுதிக் கேட்டல் வேண்டும்.

வாடகைக் கருவியின் நன்மை தீமையை எங்ஙனம் அறிவது என்பீர்கள். கரையிலேயே அறியலாம். அமுக்கமானியைப் பார்த்தபடி பலமுறை மூச்சிழுக்க, முள் ஆடினால் வால்வு முற்றாகத் திறக்கப்படவில்லை அல்லது வேறு தடை உண்டு என்க. காற்றில் எண்ணெய் நாற்றம் இருந்தால் அந்தச் சிலிண்டரை ஒதுக்குக. மிதப்புச் சட்டையை நிறைய ஊதிச் சிறிது நேரம் வைத்து, தளர்கின்றதா என்று நோக்குக. துணைவனுக்கென உள்ள இரண்டாவது வாய்க்கருவியிலும் மூச்சிழுத்துப் பார்க்க மறவற்க.

இத்தனையும் செய்யப் பத்து நிமிடம் போதும். ஆயினும் செய்யாதோர் பலர். காரணம் அறியாமையன்று, கூச்சம். படகு காத்திருக்கின்றது, மற்றவர் ஏறிவிட்டனர், தந்தவர் முகஞ் சுளிப்பார் என்று எண்ணி, ஐயமுள்ள கருவியையே மாட்டிக்கொள்கின்றனர். விருந்தினர் வீட்டில் உப்புக் குறைந்த கறியைப் பேசாது உண்பது பண்பு. கடற்கரையில் அப்பண்பு பொருந்தாது. வேறொன்று தாருங்கள் என்று கேட்கவும், தராவிட்டால் இன்று இறங்கேன் என்று திரும்பவும் வல்லவனே வாடகைக்கு எடுக்கத் தகுதியுடையவன். நல்ல நிலையத்தார் அதனை அவமதிப்பாகக் கொள்ளார்.

ஒரு விலக்கும் உண்டு. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு வகுத்த எல்லை நாற்பது மீற்றர். அவ்வெல்லையைக் கடப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியில் தம்மோடு பழகிய முழுக் கருவித் தொகுதியும் வேண்டும். அங்கே எம்முடைய தராசு மறுபக்கம் சாயும். அவ்விரண்டும் இல்லாதோர் அக்கப்பலின் கதையை வாசித்தலோடு அமைவாராக.

இறுதியாக ஒன்று. பல நாள் சுழியோடியவர் கடைசிச் சுழியோட்டத்தின்பின் குறைந்தது பதினெட்டு மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது விதி. அவ்விடைவேளை, கொண்டுவந்த கருவியை நன்னீரிற் கழுவி நிழலில் உலர்த்துவதற்கும் போதுமானது. ஈரத்தோடு பெட்டியிற் கட்டிய கருவி அடுத்த ஆண்டு எக்குணத்தோடு வெளிவரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லைத் தோணியிற் பெற்றுக்கொண்டு, மூச்சைத் தன்னுடன் கொண்டு சென்றான் மன்னார்க் குளியாளன். முகத்துக்கும் உடற்கணக்குக்கும் உரியதைக் கையிற் கொண்டு, பாரமானதைக் கரையிற் பெற்று, பெற்றதைச் சோதித்து, ஐயம் உண்டாயின் கூசாது திருப்பிக் கொடுப்பவரே அவனுடைய வழியில் வந்தவர். எம் பழைய மாணவர் அங்ஙனமே சென்று, கண்டு, நலமே மீள்வாராக.