திரைக்குப் பின்னால் ஒரு கிடார்

'நேபத்யா' என்றால் நாடக மேடையில் திரைக்குப் பின்னால் உள்ள இடம். 1990-களின் தொடக்கத்தில் போக்ரா பையன்கள் சிலர் காட்மாண்டுவில் தங்கள் ராக் குழுவுக்கு வைத்துக்கொண்ட பெயர். என்ன அடக்கம் பாருங்கள்!

ராக் என்றால் இங்கிலீஷில் கத்தணும், முடி தோளைத் தொடணும் என்றிருந்த காலம். இவர்களோ கிராமத்துப் பாட்டை எலெக்ட்ரிக் கிடாரில் ஏற்றினார்கள். பாடகர் அம்ரித் குருங், மலைக் கிராமங்களுக்கு நடந்தே போய் மெட்டுத் தேடியவர். (நடக்காமல்? பஸ் போனால்தானே!)

1996-ல் மாவோயிஸ்ட் யுத்தம் ஆரம்பித்தது. பத்து வருஷம், சுமார் 17,000 உயிர்கள். ராணுவமா, கொரில்லாவா, எவன் கதவைத் தட்டுவானோ என்று ஜனங்கள் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நேபத்யா ஊர் ஊராகப் போய்ப் பாடியது. பயணத்தின் பெயர் 'சுந்தர சாந்த நேபாள்'. அழகான, அமைதியான நேபாளம். கேட்டால் டூரிஸ்ட் விளம்பரம் மாதிரி இருக்கும். துப்பாக்கிகளுக்கு நடுவே மைக் பிடித்துச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

2013-ல் லண்டன் வெம்ப்ளியிலும் பாடினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. 2006-ல் காட்மாண்டுவில் 'நைட்' என்றொரு குழு புறப்பட்டது. முதலில் மெட்டல், காது கிழிகிற ரகம். பிறகு அந்தப் பையன்களும் மெட்டலை ஓரம் வைத்துவிட்டு, தாத்தா காலத்துச் சாரங்கியைத் தேடிப் போனார்கள்.