திரையில் வெல்லும் விலங்குகள்

காட்டை வெட்டி வீடு கட்ட வருபவரை விலங்குகள் ஓட ஓட விரட்டும் நகைச்சுவைப் படங்களைக் குடும்பத்தோடு கண்டு மகிழ்கிறோம். 2010-ல் வந்த 'ஃபர்ரி வெஞ்சன்ஸ்' என்னும் ஆங்கிலப் படம் அத்தகையது. அதில் ரக்கூன் என்ற சிறு பிராணி சூழ்ச்சி செய்து வென்றுவிடுகிறது. சிரிப்புக்குக் குறைவில்லை, உண்மைக்குத்தான் பஞ்சம்.

நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தையே பாருங்கள். தலைமுறை தலைமுறையாய் யானைகள் நடந்த பாதையில் தங்கும் விடுதிகளும் மின்வேலிகளும் முளைத்தன. யானையா அவற்றை விரட்டியது? மனிதர் சிலரன்றோ அதற்காக நீதிமன்றம் ஏறினர்! 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பாதை யானைக்கே என்றன. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதியருகே வந்த யானைமீது எரியும் டயரை வீசினர். அம்மாதமே அது மாண்டது.

அதே ஆண்டில் வெளியான 'காடன்' யானைப் பாதையை மறிக்கும் மதிற்சுவரைச் சிரிப்பின்றிக் காட்டியது. நமக்கு அதுவே மேலாகப் படுகிறது. வழியை மறித்தால் என்னவாகும் என்பது செல்லூர்வாசிகளுக்குப் புதிதன்று. 2024 அக்டோபர் மழையில் கண்மாய் நீர் நம் தெருக்களில்தான் புகுந்தது.

சிரிப்புப் படமே வேண்டாம் என நாம் சொல்லவில்லை. தங்கைமாருக்கு அதைப் போட்டுக் காட்டும் நாளில், ஆண்டவர் படைத்த அந்த வாயில்லா ஜீவனின் கதையையும் ஆசிரியைகள் சொல்லட்டும்.