ஜம்பர் போட்டா மெஷின் ஓடும்... விரல்?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. இன்னைக்கு சினிமா, அரசியல் எதுவும் இல்லை. பேப்பர் வெட்டுற மெஷினைப் பத்தி ஒரு பதிவு. "இதெல்லாம் ஒரு பதிவா?"ன்னு ஓடிராதீங்க. உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, கடை பில் புக், பிள்ளைங்க நோட்டு எல்லாத்துக்கும் நாலு பக்கமும் நேரா வெட்டிக் குடுத்தது இந்த மாதிரி ஒரு மெஷின்தான். அதுக்கு முன்னாடி பத்து விரலோட ஒருத்தர் நின்னுருப்பார். அந்தப் பத்து விரலைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

போன மார்கழி கடைசி. தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை ஆர்டர் குவியுற நேரம். திண்டுக்கல்ல சின்ன பிரஸ் வச்சிருக்கிற நண்பன் காலையிலேயே போன் பண்ணினான். "மாப்ள, கட்டிங் மெஷின் மக்கர் பண்ணுது. உனக்குத்தான் மீட்டரு, சால்டரிங் அயர்னெல்லாம் பழக்கமாச்சே, ஒரு எட்டு வந்து பாரு." நமக்கு எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்குதான், தொழில் இல்லை. ஆனா மாப்ளன்னு கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா :-)

மெஷின் வெளிநாட்டுல நல்லா உழைச்சிட்டு செகண்ட் ஹேண்டா இங்க வந்தது. வயசு முப்பதுக்கு மேல. கம்பெனி பேர் வேண்டாம், தப்பு கம்பெனி மேலயும் இல்லை. ஜெர்மன் போலாரோ, அமிர்தசரஸ்ல செய்யற நம்ம ஊர் மெஷினோ, எதுவா இருந்தாலும் இரும்பு சீக்கிரம் சாகாது. கத்தியை சாணை பிடிச்சு, எண்ணெய் போட்டா தாத்தா காலத்து மெஷினும் வெட்டும். முதல்ல வயசாகுறது உள்ள இருக்கிற எலக்ட்ரானிக்ஸுக்குத்தான்.

கோளாறு இதுதான். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினா கிளாம்ப் கீழ வந்து பேப்பர் கட்டை அமுக்குது. அடுத்து கத்தி இறங்கணும். இறங்கல. திரையில ஒரு எர்ரர் நம்பர். கிளாம்ப் திரும்ப மேல போயிருது. பத்து தடவைல மூணு தடவை வெட்டுது.

நான் போறதுக்கு முன்னாடியே ஒரு மெக்கானிக் வந்து பார்த்துட்டுப் போயிருக்கார். அவர் தீர்ப்பு: "லைட் சென்சர் போயிருச்சு. புதுசு கிடைக்காது, கிடைச்சாலும் கட்டுபடியாகாது. ஜம்பர் போட்டுரலாம்."

ஜம்பர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: மெஷினோட முன்பக்கம் ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் போகும். கையோ தலையோ அதை மறிச்சா கத்தி இறங்காது, இறங்கிட்டு இருந்தா நிக்கும். ஜம்பர்ங்கிறது ஒரு சாண் வயர். அதைப் போட்டு "கதிர் எப்பவும் மறிக்கப்படல"ன்னு மெஷினை நம்ப வச்சிரலாம். அப்புறம் கை உள்ள இருந்தாலும் மெஷினுக்குத் தெரியாது.

கட்டிங் மாஸ்டர் அண்ணனும் அதையேதான் சொன்னார். "போட்டுக் குடுங்க தம்பி. நான் பாத்து வெட்டிக்கிறேன். முப்பது வருஷமா கத்திக்கு முன்னாடிதான நிக்கிறேன்." நண்பனும் என் மூஞ்சியையே பாக்குறான். சாயங்காலத்துக்குள்ள அம்பது கட்டு போகணும்.

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணே, முதல்ல பாத்துக்கிறேன்"னு சொன்னேன். தைரியமா சொல்லிட்டேனே தவிர உள்ளுக்குள்ள உதறல்தான்.

முதல் வேலை மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, அதுல ஒரு பூட்டைப் போட்டு, சாவியை என் சட்டைப் பையில வச்சுக்கிட்டது. நண்பன் சிரிச்சான். 2019-ல புவிசார் குறியீடே வாங்கின பூட்டு ஊர்ல இருந்துகிட்டு மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போடலன்னா எப்படி? பலருக்கும் அடிபடுறது மெஷின் ஓடும்போது இல்லை. ஒருத்தர் உள்ள கைய விட்டிருக்கும்போது, தெரியாம இன்னொருத்தர் சுவிட்சைப் போடுறதுலதான். ஃப்ளைவீல் இருக்கிற மெஷின்னா, அது சுத்தி முழுசா நிக்கிற வரைக்கும் மூடியத் திறக்கக் கூடாது.

அடுத்து துணி. சென்சரோட ரெண்டு பக்கக் கண்ணாடியிலயும் பேப்பர் தூசி மாவு மாதிரி அப்பியிருந்தது. மெல்லத் துடைச்சோம். பூட்டைத் திறந்து ஓட்டிப் பார்த்தா பத்துக்கு நாலு. பெரிய மாற்றம் இல்லை.

அப்பதான் கட்டிங் மாஸ்டர் போறபோக்குல ஒண்ணு சொன்னார். "காலைலதான் தம்பி ரொம்பப் படுத்துது. மத்தியானம் ஆயிட்டா ஓரளவுக்கு ஓடிருது." மெக்கானிக் இதைக் கேக்கவே இல்லை போல. எனக்கு லைட் எரிஞ்சது அங்கதான்.

மார்கழிக் காலையில நம்ம ஊர் குளிர் உங்களுக்கே தெரியும். குளிர்ல மக்கர் பண்ணி, சூடானதும் சரியாகுற கோளாறுன்னா முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேலதான். பவர் சப்ளையில இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒரு சின்னத் தண்ணித் தொட்டி மாதிரி. நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டை டிசியா மாத்தும்போது செகண்டுக்கு 100 தடவை வோல்ட்டேஜ் பள்ளத்துல விழும். அந்தப் பள்ளத்தை நிரப்புறதுதான் தொட்டியோட வேலை. உள்ள இருக்கிற திரவம் வருஷக்கணக்கா சூட்டுல காஞ்சுகிட்டே வரும். 10 டிகிரி சூடு கூடினா ஆயுசு பாதியாகும்னு ஒரு தோராயக் கணக்கே உண்டு. காஞ்ச கெப்பாசிட்டர் குளிர்ல இன்னும் மோசமாகும்.

மீட்டரை டிசியில வச்சு 24 வோல்ட் லைனைப் பார்த்தா 23.6. பிரமாதம்! ஒரு வேளை மெக்கானிக் இதோட நிறுத்தியிருக்கலாம். மீட்டர் காட்டுறது சராசரி. அதே இடத்துல ஏசியில வச்சுட்டு நண்பனைப் பட்டன் அமுக்கச் சொன்னேன். கிளாம்ப் வால்வு இழுக்கிற நேரத்துல 3 வோல்ட்டுக்கு மேல ஆட்டம். (சில மலிவு மீட்டர் ஏசியில டிசியையும் சேர்த்துக் காட்டும். முதல்ல ஒரு பேட்டரியில வச்சு உங்க மீட்டரைச் சோதிச்சுக்கோங்க.) ஏசியில 3 வோல்ட்டுன்னா, பள்ளத்துல லைன் 19-க்கும் கீழ போகுதுன்னு அர்த்தம். 24 வோல்ட் சென்சர் பலதும் 20 சதவீதம் வரைக்கும்தான் குறைச்சலைத் தாங்கும். அதுக்குக் கீழ போனா, "எனக்குச் சரியாத் தெரியல, நிறுத்திடு"ன்னு சொல்லிரும். அப்படிச் சொல்றதுதான் அதோட வேலை.

அதாவது சென்சர் கெட்டுப்போகல. அந்த மெஷின்லயே ஒழுங்கா வேலை செஞ்ச ஒரே ஆள் அதுதான். நாம கழட்டப் பாத்ததும் அதைத்தான்!

நாலு கெப்பாசிட்டர், 105 டிகிரி ரகம். 200 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. போர்டுல ரெண்டு இடத்துல சால்டர் வெடிச்சிருந்தது, அதையும் வச்சேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மெஷின் ஓடிருச்சு. ஒரு அட்டைக் குழாயைக் குறுக்க நீட்டிப் பார்த்தோம், கத்தி டக்குன்னு பாதியிலயே நின்னது. கைய நீட்டிச் சோதிக்கிற வீரம் யாருக்கும் வேண்டாம். தினமும் காலையில முதல் வெட்டுக்கு முன்னாடி இந்த அட்டைச் சோதனையை வழக்கமா வச்சுக்கணும்.

சரி, மேட்டருக்கு வர்றேன். என் கட்சி இதுதான்: பாதுகாப்பு சென்சருக்கு ஜம்பர் போடுறது ரிப்பேரே இல்லை. நாய் குரைக்குதுன்னு நாயை விரட்டிட்டா திருடன் வராம போயிருவானா? அன்னைக்கு ஜம்பர் போட்டிருந்தா வோல்ட்டேஜ் அப்படியேதான் தள்ளாடியிருக்கும். இன்னொரு நாள் வேற ஒரு ரிலே தப்பான நேரத்துல விட்டிருக்கும். அன்னைக்குக் காப்பாத்த வேண்டிய ஒரே ஆளை நாமளே வயர் போட்டு வாயை அடைச்சிருப்போம்.

"கோளாறைக் கண்டுபிடிக்கக் கூடவா போடக் கூடாது?"ன்னு கேக்கலாம். கத்தியை ஓட்டுற மோட்டார் இணைப்பைக் கழட்டிட்டு, கண்ணுக்குத் தெரியற மாதிரி சிவப்பு வயர்ல போட்டு, பார்த்த உடனே எடுத்துட்டா சரி. ஆனா நம்ம ஊர்ல "தற்காலிகம்"னு போட்ட வயர் எது தானா வெளிய வந்திருக்கு?

வெள்ளைக்காரன் காலத்து 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல ஒரு அட்டவணை இருந்தது. கட்டை விரல் போனா 30 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு. ஒரு கையில நாலு விரல் போனா 50 சதவீதம். ஆட்டுக்கறிக் கடை விலைப் பட்டியல் மாதிரி இருக்கும், படிச்சா வயித்தைக் கலக்கும். கட்டிங் மாஸ்டருக்கு விரல் போனா 30 சதவீதமா போகும்? தொழிலே போயிரும்.

மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரல. அவர் கையில சர்க்யூட் டயக்ரம் கிடையாது, எர்ரர் நம்பருக்கு அர்த்தம் சொல்ற புத்தகமும் கிடையாது. முதலாளிக்கு அவசரம். தெரியாத இடத்துல கை தானா ஜம்பருக்குத்தான் போகும். அதனால இது வெறும் ஒழுக்கப் பிரச்சினை இல்லை, தகவல் பிரச்சினை. நம்ம மத்திய அரசு 2022-ல 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டு, அதே வருஷம் டிசம்பர்ல இணையதளமும் திறந்தது. அதுல எடுத்துக்கிட்டது நாலு துறை: விவசாயக் கருவிகள், செல்போன் வகையறா, வீட்டுச் சாதனங்கள், வண்டிகள். பிரஸ் மெஷின் அதுல இல்லை. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023-ல விவசாய மெஷின்களுக்குன்னே சட்டம் போட்டு, கையேடும் உதிரிபாகமும் விவசாயிக்குக் குடுக்கணும்னு சொல்லிருச்சு. டிராக்டருக்கு முடியும்னா விரலை வெட்டுற மெஷினுக்கு ஏன் முடியாது?

அதுவரைக்கும் நம்மால முடிஞ்சது சிலது இருக்கு. மெஷின் நல்லா ஓடும்போதே கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து, வயர் எல்லாம் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. 24 வோல்ட், 5 வோல்ட் லைன்ல எவ்வளவு வருதுன்னு எழுதி பெட்டிக் கதவுல ஒட்டுங்க. போர்டுல மெமரி பேட்டரி இருந்தா அது பச்சையா கசிஞ்சு தடத்தைத் தின்னுறதுக்குள்ள மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி செட்டிங் எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கோங்க. அளவு தப்பா வெட்டினா போர்டைச் சந்தேகப்படாம, பேக் கேஜ் என்கோடர்ல அழுக்கு இருக்கான்னு பாருங்க. ரெண்டு பட்டனையும் அரை செகண்ட் இடைவெளிக்குள்ள அமுக்கினாத்தான் பல மெஷின் ஏத்துக்கும். ஒரு பட்டன் தேஞ்சு லேட்டா தொட்டாலும் "மெஷின் போச்சு"ம்பாங்க. கண்ணு, துணி, மீட்டர், கடைசியாத்தான் போர்டு. முக்கியமா, அந்த மெஷின் முன்னாடி நிக்கிறவர்கிட்ட "எப்ப எப்ப மக்கர் பண்ணுது?"ன்னு கேளுங்க. எனக்குக் கோளாறைக் காட்டினது மீட்டர் இல்லை, அந்த அண்ணன்தான்.

கிளம்பும்போது அவர் டீ வாங்கிக் குடுத்தார். "எங்க பழைய மாஸ்டருக்கு இந்தக் கையில ரெண்டு விரல் கிடையாது தம்பி. அவரும் பாத்துதான் வெட்டுனாரு"ன்னார். காலையில "பாத்து வெட்டிக்கிறேன்"னு சொன்ன அதே ஆள். நான் ஒண்ணும் சொல்லல, டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

பி.கு: பிரஸ், மில், லேத் பட்டறைன்னு பழைய மெஷினோட மல்லுக்கட்டுற பதிவர்கள் நம்ம கூட்டத்துல நிறைய பேர் இருக்கீங்க. நீங்க கண்டுபிடிச்ச கோளாறையும் அளவுகளையும் தமிழ்ல ஒரு பதிவா போடுங்க. எங்கயோ ஒரு மெக்கானிக் ராத்திரி பதினோரு மணிக்குத் தேடும்போது அது கிடைச்சா, ஒரு ஜம்பர் குறையும்.