தூரம் பூட்டாகாது

வி.பி.என். செயலியில் சர்வரைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் பெரும்பாலும் கொடிகளின் பட்டியல்தான். நாட்டின் பெயரைத் தொட்டால் இணைப்பு அந்த நாட்டு வழியே போகும். பினாங்கில் இந்தப் பட்டியலைத் திறப்பவர்களில் பலர் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரைத் தாண்டிப்போய் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து என்று தேடுகிறார்கள். சர்வர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு பத்திரம் என்பது இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, அது பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதும் வழக்கம். உண்மையில் விலை மட்டும்தான் கொடுக்கப்படுகிறது. பாதுகாப்பு அந்தத் தூரத்தால் வருவதில்லை.

வி.பி.என். செய்யும் வேலை எளிமையானது. பயனரின் கைப்பேசியிலிருந்து வி.பி.என். சர்வர் வரை தரவு மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. இடையிலிருக்கும் இணையச் சேவை நிறுவனத்துக்கோ கோப்பிக்கடை வைஃபையை நடத்துபவருக்கோ, ஏதோ ஒரு சர்வரோடு போக்குவரத்து நடக்கிறது என்பது மட்டும் தெரியும். சர்வரைத் தாண்டியதும் தரவு வழக்கம்போல் திறந்த இணையத்துக்குள் செல்கிறது. போய்ச் சேரும் தளத்துக்குப் பயனரின் ஐ.பி. முகவரிக்குப் பதிலாக சர்வரின் முகவரி தெரிகிறது. இந்த மறையாக்கத்தின் வலு, பயன்படும் நெறிமுறையைப் பொறுத்தது. வயர்கார்ட் நெறிமுறையின் சாசா20 மறையாக்கம் சிங்கப்பூர் சர்வரிலும் ஒன்றுதான், ரெய்க்யாவிக் சர்வரிலும் ஒன்றுதான். பூட்டைத் தூரமாகக் கொண்டுபோய் மாட்டுவதால் அது கெட்டியாகிவிடாது.

ஆனால் வேகத்தைத் தூரம் நேரடியாகத் தாக்குகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்வர ஒரு மில்லிநொடி ஆகிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். போய்வர குறைந்தது 6 மில்லிநொடி. கேபிளின் வளைவு நெளிவுகளையும் இடைக் கருவிகளையும் சேர்த்தால் இன்னும் சில மில்லிநொடிகள் கூடும். ஆம்ஸ்டர்டாம் ஏறக்குறைய 9,900 கிலோமீட்டர். அங்கே போய்வர, எந்தத் தடையும் இல்லாத நேர்கோட்டில்கூட, 99 மில்லிநொடிக்குக் குறையாது. எவ்வளவு பணம் கட்டினாலும் எந்த நிறுவனமும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

ஒரே ஒரு பக்கம் திறப்பதை எடுத்துப் பார்த்தால் நஷ்டம் புரியும். ஜார்ஜ் டவுனில் இருப்பவர் கோலாலம்பூரில் சர்வர் வைத்திருக்கும் ஒரு தளத்தைத் திறக்கிறார். முதல் எழுத்து திரைக்கு வருவதற்கு முன் இரு பக்கமும் மூன்று முறை பேசிக்கொள்ள வேண்டும்: இணைப்பு ஏற்படுத்த ஒரு முறை, மறையாக்கச் சாவியை ஒத்துக்கொள்ள ஒரு முறை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு முறை. நேரடி இணைப்பில் தூரத்துக்கான காத்திருப்பு மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 10 மில்லிநொடிதான். ஆம்ஸ்டர்டாம் சர்வர் வழியே போனால் ஒவ்வொரு பேச்சும் ஐரோப்பா போய், அங்கிருந்து கோலாலம்பூருக்கு வந்து, பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். ஒரு சுற்றுக்குக் குறைந்தது 200 மில்லிநொடி, மூன்றுக்கும் 600. படங்களும் விளம்பரங்களும் வேறு வேறு சர்வர்களிலிருந்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் இதே கதை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

தாமதத்தோடு நிற்பதில்லை. தரவு அனுப்பும் பக்கம், முன்னே அனுப்பியது சேர்ந்ததா என்ற பதிலைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுகிறது. பதில் வரத் தாமதமானால் வேகமும் மெதுவாகத்தான் ஏறும்; வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் இறங்கிய வேகம் மீண்டும் ஏறவும் நேரமாகும். நீண்ட பாதையில் கேபிள் அறுபடும் அபாயமும் சேர்கிறது. 2024 பிப்ரவரியில் செங்கடலில் மூன்று கேபிள்கள் சேதமடைந்தன. தென்கிழக்கு ஆசியாவை ஐரோப்பாவோடு இணைக்கும் ஏஏஇ-1 அவற்றில் ஒன்று. அப்போது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான போக்குவரத்தில் ஒரு பகுதி வேறு பாதைகளுக்குத் திருப்பப்பட்டது.

வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதெல்லாம் கேபிளிலும் பக்கம் என்று சொல்லிவிடவும் முடியாது. பினாங்கும் சென்னையும் கடலடிக் கம்பியால் இணைந்தது 1870-71இல், தந்திக் காலத்தில். இன்று வங்காள விரிகுடா நுழைவாயில் என்ற பொருளில் பெயர் வைக்கப்பட்ட பே ஆஃப் பெங்கால் கேட்வே கேபிள் சென்னையையும் கொழும்பை அடுத்த இரத்மலானையையும் பினாங்கோடு இணைக்கிறது. ஆனால் ஒரு வீட்டின் இணைய நிறுவனம் அந்தக் கேபிளில் இடம் வாங்கியிருக்காவிட்டால், சென்னைக்குப் போகும் தரவு முதலில் தெற்கே சிங்கப்பூருக்கு இறங்கிப் பிறகு மேற்கே திரும்பக்கூடும். பக்கத்து சர்வரில் கூட்டம் நெரிந்தால் பாங்காக்கோ ஹாங்காங்கோ அதைவிட வேகமாக இருக்கவும் கூடும். எனவே நம்ப வேண்டியது வரைபடத்தையல்ல, போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் காட்டும் மில்லிநொடியை.

பாதுகாப்பில் தூரம் உதவாததோடு சில நேரம் கெடுக்கவும் செய்கிறது. வி.பி.என். மறைப்பது பயனருக்கும் சர்வருக்கும் இடைப்பட்ட பாதையை மட்டுமே. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் தளத்துக்குத் திரும்பிவரும் பத்தாயிரம் கிலோமீட்டரில் வி.பி.என். போட்ட உறை இல்லை. அந்தப் பாதையில் காவல் இருப்பது தளத்தின் சொந்த ஹெச்.டி.டி.பி.எஸ். மறையாக்கம்தான். அது சரியாக இருந்தால் தரவின் உள்ளடக்கம் எந்த நாட்டு வழியே போனாலும் தெரியாது. அது இல்லாத தளமாக இருந்தால், உறையில்லாத பாதை நீள நீளப் பார்க்கக்கூடிய கண்களின் எண்ணிக்கையும் கூடும்.

அடுத்த சிக்கல், பட்டியலில் தெரியும் கொடியே பொய்யாக இருக்கலாம் என்பது. 2018இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஏழு நிறுவனங்களின் 2,269 சர்வர்களைச் சோதித்தது. அவற்றில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, விளம்பரத்தில் சொன்ன நாட்டில் இல்லவே இல்லை. சோதனையின் அடிப்படை எளிமையானது: சர்வர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து, அந்த நேரத்துக்குள் ஒளி எவ்வளவு தூரம் போய்வர முடியும் என்று பார்த்தார்கள். ஆம்ஸ்டர்டாம் என்று சொல்லும் சர்வர் ஜார்ஜ் டவுனுக்கு 15 மில்லிநொடியில் பதில் சொன்னால், அது ஐரோப்பாவில் இருக்க வழியே இல்லை.

தமிழ்ப் பயனருக்கு நெருக்கமான உதாரணம் இந்தியக் கொடி. இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சி.இ.ஆர்.டி.-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. முதல் இரண்டும் இந்திய ஐ.பி. முகவரியைத் தொடர்ந்து கொடுத்தன. அதைக் கொடுத்த சர்வர்கள் இருந்தது சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும். இந்தியாவில் மட்டும் கிடைக்கும் தமிழ்ப் படங்களுக்காகப் பினாங்கில் இந்தியக் கொடியைத் தொட்டவரின் வி.பி.என். இணைப்பு, அப்படிப்பட்ட ஏற்பாட்டில் இந்தியாவை எட்டவே இல்லை. நிறுவனம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்தால் குற்றமில்லை. ஆனால் கொடியைப் பார்த்துச் சட்டப் பாதுகாப்பைக் கணக்கிடுபவரின் கணக்கு அங்கேயே தப்பாகிவிடுகிறது.

பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்பதை நடந்த சம்பவங்களே காட்டுகின்றன. 2021இல் உக்ரைனில் விண்ட்ஸ்கிரைப் வி.பி.என். நிறுவனத்தின் இரண்டு சர்வர்களை அதிகாரிகள் கைப்பற்றினார்கள். வட்டுகளில் மறையாக்கம் இல்லை; ஓப்பன்விபிஎன் நெறிமுறைக்கான தனிச்சாவியும் உள்ளேயே இருந்தது. நார்ட்விபிஎன் ஃபின்லாந்தில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வருக்குள் 2018இல் வெளியார் புகுந்தனர். பயனர்களுக்கு அது தெரிந்தது 2019 அக்டோபரில். ஹாங்காங்கோடு தொடர்புடைய ஏழு இலவச வி.பி.என். செயலிகள் பதிவே வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தன. 2020இல் அவற்றின் பதிவுகள் பூட்டில்லாத ஒரே சர்வரில் கிடந்தது வெளியானது. இதற்கு எதிர்ப்பக்கம் முல்வாட் என்ற வி.பி.என். நிறுவனம். 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் போலீசார் தேடுதல் ஆணையோடு அதன் அலுவலகத்துக்கு வந்தார்கள். கேட்ட விவரம் சேமிக்கப்படுவதே இல்லை என்று நிறுவனம் விளக்கியதும் வெறுங்கையோடு திரும்பினார்கள். சுவீடன், நாடுகளுக்கிடையிலான உளவு ஒத்துழைப்புப் பட்டியலைக் காட்டி எச்சரிப்பவர்கள் தவிர்க்கச் சொல்லும் நாடுகளில் ஒன்று. அங்கே பயனரைக் காப்பாற்றியது நாடு அல்ல, சேமிக்காமல் இருந்த பழக்கம்.

சுவிட்சர்லாந்து என்ற பெயருக்கு இருக்கும் மந்திர சக்தியும் இப்படித்தான். 2021இல் அங்குள்ள புரோட்டான் மின்னஞ்சல் நிறுவனம், சுவிஸ் சட்டப்படி வந்த உத்தரவுக்கு இணங்கி, பிரான்ஸில் இருந்த ஒரு சூழலியல் செயற்பாட்டாளரின் ஐ.பி. முகவரியைப் பதிவுசெய்து கொடுக்க நேர்ந்தது. மின்னஞ்சலுக்கும் வி.பி.என்.னுக்கும் அங்கே சட்டம் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் எந்த நாடும் சட்டமில்லாத நாடல்ல என்பதும் உண்மை.

இன்னொரு பக்கம், ஓட்டை பயனரின் கைப்பேசியிலேயே இருக்கலாம். 2016இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளை ஆராய்ந்தது. 18 விழுக்காடு செயலிகள் மறையாக்கமே செய்யவில்லை; 38 விழுக்காட்டில் தீநிரலின் அறிகுறி இருந்தது. 2024 மே மாதம் வெளியான டனல்விஷன் குறைபாடு, வைஃபையை ஆளுபவரே பயனரின் தரவை வி.பி.என்.னுக்கு வெளியே திருப்பிவிட முடியும் என்று காட்டியது. ஆண்ட்ராய்டு மட்டும் அதில் தப்பியது. இந்த ஓட்டைகளை ஐஸ்லாந்து சர்வர் அடைக்காது.

தடைகளைத் தாண்டத் தூர நாடு வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு மலேசிய அனுபவமே பதில். 2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் தளமும் 2016 ஜனவரியில் மீடியம் தளமும் இங்கே முடக்கப்பட்டு, 2018 மே மாத ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு திறந்தன. 2024 செப்டம்பரில், தளப் பெயருக்கு ஐ.பி. முகவரி தேடித் தரும் கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற பொது டி.என்.எஸ். சேவைகளுக்குப் போகும் கேள்விகளை உள்நாட்டு சர்வர்களுக்குத் திருப்பும், தொடர்புத் துறை ஒழுங்காற்று ஆணையமான எம்.சி.எம்.சி.யின் திட்டம் எதிர்ப்புக் கிளம்பியதும், அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் உத்தரவால் நிறுத்தப்பட்டது. இவை எல்லாம் மலேசிய இணைய நிறுவனங்களுக்கு இடப்பட்ட கட்டளைகள். எல்லைக்கு வெளியே முதல் படியில் இருக்கும் சர்வரைக்கூட அவை எட்டுவதில்லை. அந்தச் சர்வர் இருக்கும் நாடும் அதே தளத்தைத் தடுத்திருந்தால் மட்டும் அடுத்த நாட்டைப் பார்த்தால் போதும். அதேபோல், சொந்தப் பெயரில் முகநூலுக்குள் நுழைந்து எழுதுபவர் எந்தக் கண்டத்து சர்வர் வழியே போனாலும் அவர் யார் என்பது முகநூலுக்குத் தெரியும். மலேசியச் சட்டமும் அவரை விட்டு விலகாது.

ஆகவே வேகமும் பாதுகாப்பும் ஒரே பட்டியலில் தேர்வாகும் விஷயங்கள் அல்ல. பாதுகாப்பு, செயலியை வாங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது: நிறுவனம் எதைச் சேமிக்கிறது, வெளியார் தணிக்கைக்கு உட்படுகிறதா, வட்டில் எழுதாமல் நினைவகத்திலேயே சர்வரை இயக்குகிறதா, இணைப்பு அறுந்தால் தரவை நிறுத்திவைக்கும் வசதி உண்டா, டி.என்.எஸ். கேள்விகள் கசிகின்றனவா. இவற்றில் தேறிய நிறுவனத்தின் பட்டியலில், பினாங்குக்காரருக்கு வழக்கமான தேர்வு பிங் குறைந்த அண்டை சர்வர். குறிப்பிட்ட ஒரு நாட்டின் முகவரி தேவைப்படும்போது மட்டும் அந்த நாடு. வேலை முடிந்ததும் மீண்டும் அண்டை சர்வர்.