வெண்மணியின் சாட்சியம் இனி யார் கையில்?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணி நினைவிடத்தில் கொடிகள் கூடுகின்றன, முழக்கங்கள் எழுகின்றன, மாலையில் கூட்டம் கலைகிறது. ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கூட்டத்தில் ஒரு தரப்பினர் மட்டும் குறைந்துகொண்டே வருகின்றனர். அவர்கள் 1968ஆம் ஆண்டின் அந்த இரவைக் கண்ணால் கண்டவர்கள். அன்று பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று எழுபதை நெருங்குகிறார். இவர்களும் மறைந்த பிறகு அந்த இரவைப் பற்றி நம்மிடம் எஞ்சப்போவது எது?

இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்று நீதிமன்றத்தினுடையது, மற்றொன்று ஓர் ஆவணப்படத்தினுடையது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையும், இன்னும் முழுமையாக உருவாகாத மூன்றாவது பதிவு ஒன்றையும் பற்றி இங்கே பேச விழைகிறோம்.

நீதிமன்றம் எழுதியது

அன்றைய கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டதும், அறுவடைக் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதும் மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. தாக்குதலுக்கு அஞ்சி இராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, உயிரோடு எரிக்கப்பட்டனர். அனைவரும் தலித்துகள்.

நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நிலமும் வசதியும் படைத்தவர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அத்தீர்ப்பின் தர்க்கங்களுள் ஒன்று. நாயுடுவிடம் கார் இருந்தது என்பதும் அங்கே கருத்தில் கொள்ளப்பட்டது. அதே இரவில் இறந்த மிராசுதார் தரப்பு ஆள் ஒருவரின் கொலை வழக்கிலோ விவசாயத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டனர்.

சட்டம் படித்த நாங்கள் இத்தீர்ப்பைச் சாட்சியங்களை மதிப்பிடும் முறையின் பாடமாகவே மீண்டும் மீண்டும் படிக்கிறோம். சாட்சிகள் கூண்டில் ஏறினர், கண்டதைச் சொன்னார்கள். எதிரே நின்றவரின் சொத்து அந்தச் சொல்லைவிட நம்பத்தக்கதாகக் கொள்ளப்பட்டது. சாட்சியம் இல்லாமல் போகவில்லை, அதற்கு எடை வழங்கப்படவில்லை.

படம் கேட்டது

அந்த எடையைத் திருப்பித் தர முயன்ற படம் பாரதி கிருஷ்ணகுமார் இயக்கிய ‘ராமையாவின் குடிசை’. நிகழ்வு நடந்து ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2005இல் அது வெளிவந்தது. உயிர்பிழைத்தோரையும் போராட்டத்தில் இருந்தோரையும் தேடிச் சென்று, அவர்கள் ஊரில், அவர்கள் மொழியில் பேசவிட்ட படம் அது. குறுக்கு விசாரணையில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று நறுக்கப்பட்ட வாழ்க்கை, அங்கே முழு வாக்கியங்களாக வெளிவருகிறது.

பாரதி கிருஷ்ணகுமார் திரைப்பட நிறுவனங்களுக்குள் மட்டும் வளர்ந்தவர் அல்லர். 1975இல் மதுரையில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் மேடைகளில் பேசியவர், சிறுகதை எழுதுபவர். அச்சங்கத்தின் கலை இரவுகளில் ஓர் ஊரின் தெரு விடியும்வரை அரங்கமாக மாறும். நாட்டுப்புறப் பாடலும் வீதி நாடகமும் கவிதையும் புத்தகக் கடையும் ஒரே இடத்தில் கூடும். அப்படிப்பட்ட மேடையில் நின்று பழகியவருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர் வெறும் பார்வையாளராகத் தெரியமாட்டார். அவரிடமும் சொல்ல ஒரு கதை உண்டு என்பது தெரியும். ‘ராமையாவின் குடிசை’யின் பொறுமை இந்தச் சமூகக் கலைப் பயிற்சியிலிருந்து வந்தது என்றே நாம் கருதுகிறோம்.

சுயாதீனப் படக்கலைஞரின் வாழ்வும் இங்கேதான் தங்குகிறது. வணிகத் திரையரங்கு அவருக்கு இல்லை. தொழிற்சங்க அறை, கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், தெருமுனையில் கட்டிய வெள்ளைத் துணி ஆகியவையே அவருடைய அரங்குகள். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், 1984இல் கேரளத்தில் ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, மக்களிடம் சிறு சிறு தொகைகளாகத் திரட்டி ‘அம்ம அறியான்’ படத்தை 1986இல் முடித்தார். மதுரையில் ஆர்.பி. அமுதன் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வருகிறார். இவர்களுக்குப் படம் எடுப்பது பாதி வேலை, அதைப் பார்க்கும் சமூகத்தை உருவாக்குவது மறுபாதி.

கேமராவின் பின்னால் நிற்பவர் யார்?

இந்த மதிப்போடு ஒரு கேள்வியையும் எழுப்பியாக வேண்டும். வெண்மணி நீண்டகாலம் கூலிப் போராட்டமாகவே நினைவுகூரப்பட்டது. எரிந்தவர்கள் ஏன் ஒரே சேரியைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள் என்ற கேள்வியைத் தலித் இயக்கங்கள்தாம் உரத்து எழுப்பின. கூலியா சாதியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விவாதத்தில் நமக்கு உடன்பாடில்லை. நிலமில்லாமையும் தீண்டாமையும் டெல்டாவில் ஒரே வரப்பின் இரு பக்கங்கள். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதைக் கேமராவின் பின்னால் நிற்பவரே தீர்மானிக்கிறார். வெண்மணியை எழுதியவர்களும் படமாக்கியவர்களும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களே. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எனினும் கேட்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தாமே கேட்பவர்களாகவும் எழுதுபவர்களாகவும் மாறாதவரை அந்தக் கடன் தீராது.

இங்கே டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இம்மண்ணில் தலித்துகளின் கலை கட்டாய ஊழியமாக இருந்திருக்கிறது. பண்ணையார் வீட்டுச் சாவுக்குப் பறையடிப்பது திறமையின் வெளிப்பாடாக மதிக்கப்படவில்லை, அடிமைப் பணியாகவே வாங்கப்பட்டது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த வயல்களில் நடவுப் பாட்டும் ஒலித்தது. ஆகவே ‘உங்கள் பாரம்பரியக் கலையைக் காட்டுங்கள்’ என்று வரும் நிகழ்ச்சிகளை நம் இளைஞர்கள் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. அடிக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை இருக்கும் இடத்தில்தான் பறை கலையாகிறது. நம்மிடையே நடத்தப்படும் எந்தக் கலைப் பயிலரங்கும் இந்த மறுக்கும் உரிமையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

சில ஆண்டுகளுக்கு முன் டெல்டாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் தம் தாயாரோடு எங்களிடம் வந்தார். கூலித் தகராறில் அந்தத் தாயாரைக் கடைத்தெருவில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தார்கள். முதல் தகவல் அறிக்கையில் அது மூன்று வரிகளாகச் சுருங்கியிருந்தது. ‘மேற்படி எதிரி’, ‘அசிங்கமாகத் திட்டி’ என்ற வழக்கமான சொற்கள். சம்பவம் நடந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்ற விவரமே அதில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவின்படி இழிவுபடுத்தல் பொதுமக்களின் பார்வையில் நடந்திருக்க வேண்டும். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த நிபந்தனையை வலியுறுத்திய பிறகு, இந்த ஒரு குறையே ஒரு வழக்கை வீழ்த்தப் போதுமானது.

மகள் தம் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அன்றிரவே நடந்தவற்றை எழுதி வைத்திருந்தார். எந்தக் கடை திறந்திருந்தது, விளக்கு எங்கே எரிந்தது, யார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், யார் தலையைக் குனிந்துகொண்டு போனார் என்பது வரை அதில் இருந்தது. அப்பக்கங்களைக் கொண்டு இரண்டு பேரைக் கண்டறிந்தோம். ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது.

எப்படி இவ்வளவு துல்லியமாக எழுதினீர்கள் என்று கேட்டோம். பள்ளி நாள்களில் அவர் ஊர்ப் படிப்பகத்தில் வார இறுதி எழுத்து வகுப்பு நடந்ததாம். “முதலில் கண்டதை எழுது, நினைத்ததைப் பிறகு எழுது” என்று அங்கே சொல்லித் தந்ததாகக் கூறினார். கதை எழுதக் கற்றுக்கொண்ட பெண் தம் தாய்க்குச் சாட்சியத்தை எழுதித் தந்திருந்தார்.

அரசு செய்வதும் செய்யாததும்

2022இல் பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படத் திரையிடலைத் தொடங்கியது. அதே ஆண்டில் மாணவர் படைப்புகளுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் வந்தன. இவை வரவேற்கத்தக்கவை. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியால் வெட்டப்பட்ட பின்னர் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கைகளில் சாதிக் கயிறு கட்டத் தடை உள்ளிட்ட பல பரிந்துரைகளை அது முன்வைத்தது.

அடையாளங்களைத் தடை செய்வது தேவையே. ஆனால் தன் வகுப்பறையில் சாதி எப்படி இயங்குகிறது என்பதை ஒரு மாணவி எழுதினால் அதை எந்த ஆசிரியர் வாசிப்பார்? எந்த இதழ் அச்சிடும்? ‘மழை’, ‘மரம் வளர்ப்போம்’ என்ற தலைப்புகளுக்குப் பரிசு கிடைக்கும் இடத்தில், தனியே அமர்த்தப்பட்ட அனுபவம் எந்தப் போட்டியில் இடம்பெறும்? கயிற்றை அறுப்பதோடு நின்றுவிட்டால் பள்ளி அமைதியாகத் தோன்றும், அவ்வளவுதான்.

வடசென்னையில் ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார், ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுத் தருகிறார். திவ்யபாரதி 2017இல் வெளியிட்ட ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். அப்படம் பல இடங்களில் திரையிடத் தடையைச் சந்தித்தது. இயக்குநர் அதே ஆண்டில் பழைய வழக்கொன்றில் கைது செய்யப்பட்டார். சுயாதீனப் படக்கலையின் விலையை அறிந்த ஒருவர் அடுத்த தலைமுறையின் கையில் கேமராவைத் தருவது எளிய செயலன்று. அத்தகைய முயற்சிகள் டெல்டாவின் ஊர்களுக்கும் வர வேண்டும்.

சட்டம் நமக்குத் தரும் கருவிகள்

இப்பணியில் இறங்கும் தோழர்களும் மாணவர்களும் நான்கு செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, திரையிடல். எதிர்ப்பு வரும் என்ற காரணத்தைச் சொல்லி ஒரு படத்தை அரசு முடக்க முடியாது என்று 1989இல் எஸ். ரங்கராஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் படம் ‘ஒரே ஒரு கிராமத்திலே’, இடஒதுக்கீட்டு முறையை விமர்சித்த படம். நம்மை எதிர்த்த படத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு நமக்கும் உரியது என்பதை உரிமையோடு கோருவோம்.

இரண்டாவது, நீதிமன்றப் பதிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 15ஏ(10) பிரிவு, இச்சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. வெண்மணிச் சாட்சிகளுக்குக் கிட்டாத வாய்ப்பு இது. ஒவ்வொரு வழக்கிலும் இதற்கு மனு கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, காணொளியைப் பாதுகாத்தல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். எடுத்த கைப்பேசியையும் மூலக் கோப்பையும் மாற்றாமல் வைத்திருங்கள். எடுத்தவர், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, குழந்தைகள். வழக்கில் தொடர்புடைய சிறாரின் பெயரையோ முகத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. தன் கதையைச் சொல்லும் சிறுமி நாளையும் அதே பேருந்தில்தான் பள்ளிக்குப் போக வேண்டும். அவருடைய பாதுகாப்பைவிட எந்தப் படமும் பெரிதன்று.

இராமையாவின் குடிசைக்குள் இருந்தவர்களில் யாரும் அந்த இரவைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு அதற்கான நேரம் தரப்படவில்லை, எழுத்தும் தரப்பட்டிருக்கவில்லை. அடுத்த டிசம்பர் 25 அன்று வெண்மணிக்குப் போகும் நம்மில் ஒவ்வொருவரும் மாலையோடு சில நோட்டுப் புத்தகங்களையும் எடுத்துச் செல்வோம். கூட்டம் முடிந்த பிறகும் ஒரு நாள் அங்கேயே தங்கி, அந்த ஊர்ப் பிள்ளைகள் தம் பாட்டிகளிடம் கேட்டு எழுதுவதற்கு உடனிருப்போம். கேட்பதற்குப் பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.