வீதியைக் காப்போம் என்கிறார்கள், வீதியில் வாழ்பவனை?

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு சிறு கூட்டம் தெருத்தெருவாக நடந்து போகிறது. கையில் காமிரா, முகத்தில் வியப்பு. பழைய தேக்குக் கதவைப் படம் பிடிக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள். "என்ன அழகு! எத்தனை பழமை!" என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். திண்ணையில் படுத்திருக்கும் பாரவண்டித் தொழிலாளி படத்தில் விழாதபடி சற்று ஒதுங்கி நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அவர்கள்மேல் நமக்குக் கோபம் இல்லை. பழமையை அறிய விரும்புவது குற்றம் அல்ல. ஆனால், அந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது, எத்தனை குடும்பம் ஒரே குழாயடியில் நிற்கிறது, அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பார்கள் என்று கேட்டவர் உண்டா? கதவைக் காக்கக் கழகங்கள் இருக்கின்றன. கதவைத் திறந்து மூடுகிறவனைக் காக்க யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் கேட்க விரும்புகிறோம்.

யார் கட்டிய ஊர்?

கோட்டைக்கு வடக்கே வெள்ளைக்காரன் 'கருப்பர் நகரம்' என்று பெயரிட்டழைத்த பகுதி இது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னனின் பெயரைச் சூட்டினார்கள். கருப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பெயர் மாறியது. சுமை தூக்கியவன் தோள் மாறவில்லை.

முதலில் இருந்த கருப்பர் நகரம் கோட்டையை ஒட்டியே, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1758-59-ல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டது. எதிரி வந்தால் பதுங்க இடம் இருக்கக்கூடாது, பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று கும்பெனி அந்தக் குடியிருப்பையே தரைமட்டமாக்கியது. அங்கிருந்த சென்னகேசவர் கோயிலும் போயிற்று. பின்னர் இன்றைய பூக்கடைப் பகுதியில் மாற்றிடம் பெற்று எழுந்தது. கோயில் இடம்பெயர்ந்த கதை ஏட்டில் இருக்கிறது. அங்கே தறி நெய்தவன், வண்ணம் தோய்த்தவன், படகு தள்ளியவன் பெயரை இன்று யார் அறிவார்? கடவுளுக்கு முகவரி கிடைத்தது. குடியானவன் முகவரி காற்றோடு போயிற்று.

பிறகு புதிய நகரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்த மதிலுக்கான செலவையும் மக்கள் தலையிலேயே கட்டக் கும்பெனி எண்ணியது. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று நிலைத்துவிட்டது. 1772-ல் ஏழுகிணற்றில் நீர்நிலையம் அமைத்தார்கள். யாருக்கு? கருப்பனுக்கா? கோட்டைக்குள் இருந்த வெள்ளைச் சிப்பாய்க்கு! கிணறு நம் தெருவில், தண்ணீர் கோட்டையில். இன்றும் ஏழுகிணற்றுப் பக்கத்துச் சந்துகளில் விடியுமுன் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தாய்மாரைக் கண்டால், வரலாறு அவ்வளவாக நகரவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

பழமை எல்லாம் பெருமை என்று நாம் சொல்லமாட்டோம். 1707-ல் இதே பேட்டைகளில் வலங்கை, இடங்கை என்று சாதிச் சண்டை மூண்டது. பெத்துநாயக்கன்பேட்டை ஒரு சாராருக்கு, முத்தியாலுப்பேட்டை மறு சாராருக்கு என்று தெருவைப் பங்கு போட்டுத்தான் அதை அடக்கினார்கள். அந்தப் பழமை நமக்கு வேண்டாம். அது மண்ணோடு போகட்டும்.

ஆனால் இன்னொரு பழமை இருக்கிறது. பவழ வணிகர் வாழ்ந்த தெரு பவழக்காரத் தெரு. நாணயம் அடித்த சாலை இருந்த இடம் தங்கசாலை. ஆர்மீனியர் வாழ்ந்த தெருவை நம் மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கித் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். பர்மாவில் பிழைப்பு பறிபோய்க் கப்பலேறி வந்த தமிழன் 1969-ல் கடற்கரைச் சாலை ஓரத்தில் பர்மா பஜாரை உண்டாக்கினான். தமிழும் தெலுங்கும் உருதும் குஜராத்தியும் மார்வாடியும் ஒரே முச்சந்தியில் பேரம் பேசும். வந்தவனையெல்லாம் ஏற்றுக்கொண்ட பழமை இது. உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் தொழிலாளரைத் திரட்டி மே தினம் கொண்டாடினார். இந்த நாட்டில் அதுவே முதல் மே தினம். இந்தப் பழமை நம்முடையது. இதை இழக்க நாம் சம்மதியோம்.

மச்சு வீட்டில் ஒண்டுக்குடித்தனம்

வெளியே நின்று பார்ப்பவனுக்கு வீடு அழகு. உள்ளே வாழ்பவனுக்கு?

வாசல் குறுகல், உள்ளே நீளம். நடை, கூடம், முற்றம், பின்கட்டு என்று ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீடு. இன்று கீழே கிடங்கு; மேலே அறைக்கு ஒரு குடித்தனம். தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்த தளம். அந்தக் காலத்துக் கொத்தனார் கைவண்ணம்! கோடையில் குளிர்ச்சி தரும். ஆனால் எந்தக் கைவண்ணமும் கவனிப்பின்றி எத்தனை நாள் தாங்கும்? மழைநீர் இறங்கி உத்திரம் உளுக்கிறது. சுவரில் அரசங்கன்று வேர் விடுகிறது. மரப்படியில் ஏறும்போது எந்தப் படியில் கால் வைக்கக்கூடாது என்பதைக் குழந்தைகூட மனப்பாடமாக வைத்திருக்கிறது.

பிராட்வே என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது ஒரு காலத்தில் இரண்டு பேட்டைகளுக்கு நடுவே ஓடிய பள்ளம். பாப்ஹாம் என்ற வெள்ளைக்காரர் அதைத் தூர்த்துத் தெருவாக்கினார். பெயர்ப்பலகையில் இப்போது பிரகாசம் சாலை. மனிதர் மறந்தாலும் தண்ணீர் மறக்கவில்லை. ஐப்பசி மழை அடித்தால் அது தன் பழைய இடத்தைத் தேடி வந்துவிடுகிறது.

இவ்வளவு இடர் இருந்தும் ஏன் இங்கேயே இருக்கிறார்கள்? "வேறு இடம் போகவேண்டியதுதானே?" என்று கேட்கும் கனவான்களுக்குச் சொல்கிறோம். கொடவுன் தெருவில் துணிக்கட்டு இறக்குகிறவனுக்கு, ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டு சுமக்கிறவனுக்கு, பத்ரியன் தெருவில் விடியற்காலை பூ கட்டுகிறவளுக்கு, வீடு என்றால் வேலைக்கு நடந்து போகும் தூரம். பஸ் காசு மிச்சம். நடுப்பகலில் வந்து குழந்தைக்குச் சோறு போடலாம். லாரி நள்ளிரவில் வந்தாலும் ஓடிப் போய் நிற்கலாம். அவசரத்துக்குப் பக்கத்து அறையில் பத்து ரூபாய் கைமாற்றுக் கிடைக்கும். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க எதிர் அறையில் ஓர் அம்மாள் உண்டு. இந்தக் கணக்கு எந்த மரபுப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஆனால் இதுதான் இந்தப் பேட்டையின் உயிர்.

1996-ல் கொத்தவால்சாவடிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2002-ல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் போயிற்று. நெரிசல் குறையவேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் சரக்கு போகும் இடத்துக்கு முதலாளி காரில் போய்விடுகிறான். கூலிக்காரன்தான் விடியுமுன் எழுந்து பல மைல் ஓடவேண்டியிருக்கிறது.

சட்டம் மாறியதை அறிவீர்களா?

தோழர்களே, இங்கேதான் நாம் விழிப்போடு இருக்கவேண்டும்.

1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், வீட்டைப் பழுதுபார்க்கவேண்டும் என்று சொல்லிக் குடித்தனக்காரனை வெளியேற்றினால், வேலை முடிந்ததும் அதே இடத்தை அவனுக்கே திருப்பித் தரும் கடமை வீட்டுக்காரனுக்கு இருந்தது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பழுதுபார்க்கவோ இடித்துக் கட்டவோ வெளியேறியவன் மீண்டும் உள்ளே வரவேண்டுமானால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு புதிய ஒப்பந்தம் போடவேண்டும். இரு தரப்பும்! வாடகையைப் பத்து மடங்கு உயர்த்தக் காத்திருப்பவன் எதற்காக ஒத்துக்கொள்வான்?

இன்னொன்று. எல்லா வாடகையும் எழுத்தில் இருக்கவேண்டும். ஒப்பந்தம் செய்யத் தவறினால் அதையே காரணமாகக் காட்டி வீட்டைக் கேட்கலாம் என்கிறது அதே சட்டம். தாத்தா காலத்தில் வாய்ப்பேச்சில் குடிவந்து, மாதா மாதம் கணக்குப்பிள்ளை கையில் காசைக் கொடுத்துவிட்டு ரசீதும் கேளாமல் திரும்பும் நம் தோழனிடம் எந்தத் தாள் இருக்கிறது? மூன்று தலைமுறை வாழ்க்கை ஒரு தாள் இல்லாமல் செல்லாக்காசு ஆகலாமா?

நாம் ஒருபக்கமாகப் பேசவில்லை. வீட்டுக்காரர் எல்லாரும் கொடியவர் அல்லர். என்றோ நிர்ணயித்த சொற்ப வாடகையை வாங்கிக்கொண்டு, அதே வீட்டின் பின்கட்டில் ஒடுங்கி வாழும் ஏழை உரிமையாளரும் இங்கே உண்டு. அந்த வாடகையில் ஓர் உத்திரத்தை மாற்ற முடியாது என்பது உண்மை. குடித்தனக்காரரிலும் அறையை உள்வாடகைக்கு விட்டுத் தாம் வேறிடத்தில் வசதியாக இருப்பவர் உண்டு. அவருக்காக நாம் வாதாடவில்லை. நியாயமான வாடகை கொடுக்கத் தொழிலாளி மறுக்கமாட்டான். வாடகை உயரட்டும், ஆனால் அவன் வருமானத்துக்குள் உயரட்டும். பழுது பார்க்கட்டும், ஆனால் அவனை உள்ளே வைத்துப் பார்க்கட்டும்.

மரபைக் காக்கவும் ஒரு சட்டம் உண்டு. 2012-ல் இயற்றினார்கள், நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. சட்டம் உறங்கிய பன்னிரண்டு ஆண்டுகளில் வீடுகள் உறங்கவில்லை, விழுந்துகொண்டிருந்தன. இனியாவது ஆணையம் வேலை செய்யட்டும். ஆனால் தூணையும் கதவையும் எண்ணிக் கணக்கெடுக்கும்போது, உள்ளே வாழும் தலைகளையும் எண்ணட்டும். மச்சு வீட்டை மினுக்கி உணவு விடுதி ஆக்கி, அங்கே வாழ்ந்தவனை விரட்டிவிட்டு, "மரபைக் காப்பாற்றிவிட்டோம்" என்று விழா எடுத்தால், அது காப்பு அல்ல. பிணத்துக்குப் பட்டு உடுத்தும் வேலை!

கூவம் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவனுக்குக் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ ஓர் அறையாவது கொடுத்தார்கள். வேலையை விட்டு வெகுதூரம். அதுவே ஒரு கொடுமை. ஆனால் தனியார் வீட்டு ஒண்டுக்குடித்தனக்காரன் வெளியேறினால் அந்த அறைகூடக் கிடையாது. அவன் எந்தக் கணக்கிலும் இல்லாத அகதி.

செய்யவேண்டியது என்ன?

அரசிடமும் மாநகராட்சியிடமும் நாம் கேட்பது மூன்று. ஒன்று: மழைக்கு முன் 'இடியும் நிலை' என்று நோட்டீஸ் ஒட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. கோடையிலேயே பொறியாளர் வந்து பார்க்கவேண்டும். பழுதுபார்க்கக்கூடிய வீட்டுக்குப் பழுதுபார்க்கும் ஆணை, அதற்கு ஏழை உரிமையாளருக்குக் கடனுதவி, இரண்டும் வரவேண்டும். இரண்டு: பழுதுபார்க்கவோ இடித்துக் கட்டவோ வெளியேறியவன் கட்டுபடியாகும் வாடகையில் திரும்பி வரும் உரிமையைச் சட்டத்தில் மீண்டும் எழுதவேண்டும். மூன்று: சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அருகி வருகிறார்கள். இந்தப் பேட்டை இளைஞருக்கே அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தால், வீடும் நிற்கும்; வேலையும் கிடைக்கும்.

நமக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் தெருவில் வீடுவீடாகச் செல்லவேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கூடச் சென்று பேசுங்கள். ரசீது வாங்கச் சொல்லுங்கள். வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம். இரண்டு மாதம் அப்படி அனுப்பியும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். குடித்தனக்காரனை விரட்டத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைப் புதிய சட்டமும் தடுக்கிறது. வாடகை நீதிமன்றத்தின் ஆணை இல்லாமல் யாரும் யாருடைய பாத்திரத்தையும் தெருவில் வைக்க முடியாது. இந்த நான்கு செய்தியும் ஒவ்வொரு மச்சுப்படியும் ஏறவேண்டும். படி உளுத்திருக்கிறது, பார்த்து ஏறுங்கள்!

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பகலில் நம்மோடு கொடி பிடித்து, இரவில் வீட்டுத் தரகருக்குத் தூது போகும் ஓரிருவர் நம் நடுவிலும் இருக்கக்கூடும். அவர்களைத் தெரு அறியும். தெரு அறிந்ததைக் கட்சியும் அறியவேண்டும்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்தவன் பெயர் ஏட்டில் இல்லாமல் போயிற்று. அன்று எழுத அவனுக்குக் கை இல்லை. கேட்க அவனுக்குச் சங்கம் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன. இருந்தும் நம் தோழன் பெயரும் அப்படியே அழிந்துபோனால், பழி அரசின்மேல் மட்டும் விழாது, நம்மேலும் விழும்.

வீடு நிற்கட்டும். அதில் அடுப்பும் எரியட்டும்!